58 நாள் கதவடைப்புக்குப் பிறகு நாங்கள் பேசக் கற்றுக்கொண்ட கதை

2003 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, 58 நாட்களுக்குப் பிறகு எங்கள் தொழிற்சாலையின் கேட்டைத் திறந்தார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரி, பஸ்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. நிரந்தரத் தொழிலாளர்கள் 400 பேருக்குக் கொஞ்சம் மேல். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் லேபர் ஆபீசில் முந்தைய வெள்ளிக்கிழமை இரவுதான் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. யாரும் கோஷம் போடவில்லை. சூப்பர்வைசர்கள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, நாங்களும் அவர்களைப் பார்க்கவில்லை. என் லேத்தின், அதாவது கடைசல் மெஷினின், அடித்தளம் முழுக்கத் துரு ஏறியிருந்தது. துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு முழுக்க அதுதான் வேலை.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சம்பள ஒப்பந்தம் முடிந்து பதினாறு மாதம் ஆகியும் புதியது வரவில்லை. நிர்வாகம் ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்று அளவை உயர்த்தியது. நாங்கள் மெதுவாக வேலை செய்தோம். 11 பேரை சஸ்பெண்ட் செய்தார்கள். அப்புறம் கேட்டை மூடினார்கள். என் மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. மூழ்கிப் போவதற்குள் அதை மீட்க 14 மாதம் ஆயிற்று. கம்பெனிக்கும் நஷ்டம்தான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அந்த இரண்டு மாதத்தில் வேறு இடத்தில் சரக்கு எடுக்கத் தொடங்கினார், அந்த ஆர்டர் திரும்பவே இல்லை.

அடுத்த வருஷம் சங்கத் தேர்தலில் என்னைச் செயலாளராக்கினார்கள். 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். "நிர்வாகத்தோட ஒத்துப்போனா சங்கம் செத்துடாதா அண்ணே?" என்று புதிதாகப் பொறுப்புக்கு வரும் தம்பிகள் கேட்கிறார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். நடுவில் இருக்கிற அந்த மூன்று வருஷத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 3ஆவது பிரிவில், நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு ஒர்க்ஸ் கமிட்டி என்று ஒன்று சொல்லப்பட்டிருந்தது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து அன்றாடப் பிரச்சினைகளைப் பேசித் தீர்ப்பதற்கான குழு. எங்களிடமும் அது இருந்தது, ஃபைலில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெல்ஃபேர் ஆபீசர் டைப் செய்த தாளோடு மெஷினுக்கே வருவார். நடக்காத கூட்டத்துக்கு நாங்கள் எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போடுவோம். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கு.

நான் செயலாளர் ஆனதும் அந்தக் கையெழுத்தை நிறுத்தினேன். அந்த வருஷம்தான் புதிய ஃபேக்டரி மேனேஜர் வந்திருந்தார். "கூட்டம் நிஜமாவே நடக்கட்டும் சார், அப்புறம் கையெழுத்துப் போடுறோம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மாதக் கடைசி வெள்ளி, மாலை 3 மணி, ஒரு மணி நேரம் என்று முடிவாயிற்று.

முதல் கூட்டத்துக்கு 31 கோரிக்கைகளோடு போனேன். ஒன்றுகூட நடக்கவில்லை. வெளியே வந்ததும் எங்கள் பொருளாளர் என்னைத் தனியாக அழைத்தார். பின்னி மில் சங்கத்தில் இருந்தவரின் மகன் அவர், என்னைவிட 12 வயது மூத்தவர். "தம்பி, முடியுறதை முதல்ல கேளு. அவங்க வாயில 'சரி'ங்கிற வார்த்தை வந்து பழகட்டும்." இரண்டாவது கூட்டத்துக்கு மூன்றே விஷயம் கொண்டு போனோம். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் குடிதண்ணீர். சம்பளச் சீட்டில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கைத் தனியாகக் காட்டுவது. இரண்டாவது ஷிஃப்டுக்குச் சூடான சோறு.

சோறு விஷயம் சின்னதாகத் தெரியும். எங்கள் கேன்டீனில் சாயங்காலம் 5 மணிக்கே வடித்துவிடுவார்கள். 8.30க்கு நாங்கள் தட்டை நீட்டும்போது அது கட்டியாக இருக்கும், கரண்டியால் வெட்டித்தான் போடுவார்கள். எத்தனை தடவை சொன்னாலும் "சரி பண்ணுறோம்" என்று பதில் வரும். இந்தத் தடவை வாதம் செய்யவில்லை. "ஒருநாள் ராத்திரி எங்களோட சாப்பிட வாங்க சார்" என்று மட்டும் மேனேஜரைக் கேட்டோம். வந்தார். எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றியும் சோறு உதிரவில்லை. பாதித் தட்டு சாப்பிட்டார், ஒன்றும் பேசாமல் கை கழுவினார். அடுத்த வாரத்திலிருந்து 7.30க்கு இரண்டாவது உலை வைத்தார்கள்.

1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோதும், மதியம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது முக்கியமான குறைகளில் ஒன்று. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய சங்கம் அது. அதனால் சாப்பாட்டுப் பிரச்சினையைச் சில்லறை என்று ஒதுக்கும் தலைவரை எனக்குப் பிடிக்காது. தொழிலாளிக்கு நிர்வாகம் தன்னை மனுஷனாக மதிக்கிறதா என்பது தினமும் அந்தத் தட்டில்தான் தெரிகிறது.

இன்னொரு விஷயம், நோட்டு. முன்பெல்லாம் கூட்டம் முடிந்து பத்து நாள் கழித்து ஹெச்.ஆர். துறையிலிருந்து இங்கிலீஷில் மினிட்ஸ் வரும். அறையில் "செய்கிறோம்" என்று சொன்னது அதில் "பரிசீலிக்கப்படும்" என்று மாறியிருக்கும். அதற்கே தனிச் சண்டை நடக்கும். நாங்கள் ஒரு நீள நோட்டு வாங்கினோம். நடுவில் கார்பன் தாள். பொருளாளர் கையெழுத்து அழகாக இருக்கும், அவரே தமிழில் எழுதுவார். மூன்று பத்தி: என்ன, யார், எப்போது. எழுந்திருப்பதற்கு முன் இரண்டு தரப்பும் அதிலேயே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. "பரிசீலிக்கப்படும்" என்ற வார்த்தையை எழுதக் கூடாது என்பதையும் பேசி வைத்துக்கொண்டோம். முடியாது என்றால் முடியாது என்று காரணத்தோடு எழுத வேண்டும். "முடியாது" என்ற பதிலோடு நான் கேட் கூட்டத்தில் நின்று பேச முடியும். "பார்க்கலாம்" என்பதோடு ஆறு மாதம் ஓடிய பிறகு என் ஆட்களிடம் எனக்கும் மரியாதை இருக்காது, நிர்வாகத்துக்கும் இருக்காது.

இந்தப் பழக்கத்துக்கு உண்மையான சோதனை 2006இல் வந்தது. பிரஸ் ஷாப்பில் 24 வயதுப் பையன் ஒருவனுக்கு நடுவிரலும் மோதிர விரலும் நுனியோடு போய்விட்டன. காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் கிளட்ச் பிரஸ்ஸை ஓட்ட இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் கை உள்ளே இருக்காது. அவன் இடது பட்டனில் ஒரு மரக்குச்சியைச் செருகி வைத்திருந்தான். ஒரு கையால் தகடு வைத்துக்கொண்டே இன்னொரு கையால் ஓட்டினால் ஷிஃப்டுக்கு நூறு, நூற்றைம்பது பீஸ் கூட வரும். அந்தக் கூடுதல் பீஸுக்கு இன்சென்டிவ், அதாவது ஊக்கத்தொகை, உண்டு.

அவனை அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது இரவு 11 மணி. கேட்டில் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. உற்பத்தி வெறிதான் காரணம் என்று நாங்கள் சொன்னோம். தொழிலாளியின் தவறு என்று நிர்வாகம் சொன்னது. நோட்டீஸ் அடித்திருந்தால் இரண்டும் இரண்டு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கும், பட்டன்கள் அப்படியே இருந்திருக்கும். மறுநாள் மேனேஜரிடம் போய், "நைட் ஷிஃப்டுல நீங்களும் நானும் சேர்ந்து ஒரு சுற்றுப் போகலாம் சார், முன்கூட்டி யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றேன். என் செயற்குழுவிலேயே சிலர் இதை எதிர்த்தார்கள். நம் ஆட்களை நாமே காட்டிக்கொடுப்பதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதனால் போவதற்கு முன்பே ஒரு நிபந்தனை வைத்தேன்: அன்றைக்குப் பார்ப்பதை வைத்து யாருக்கும் சார்ஜ் ஷீட் (நிர்வாகம் தரும் குற்றச்சாட்டு நோட்டீஸ்) கொடுக்கக் கூடாது. நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

பட்டன் வைத்த பத்து பிரஸ்ஸில் ஏழில் ஏதோ ஒன்று செருகியிருந்தது. குச்சி, மடித்த சைக்கிள் டியூப், ஒன்றில் ஒரு ரூபாய் நாணயம். கால்மிதி வைத்த பழைய கீ கிளட்ச் பிரஸ் நான்கிலும் முன்தடுப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். அந்த ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் இருக்க முடியாது. மேனேஜர் ஏழாவது மெஷின் பக்கத்தில் நின்று, "நான் தினமும் இந்த வழியாத்தான் போறேன்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அந்த நிமிஷத்துக்குப் பிறகு அவரை நான் எதிராளியாகப் பார்க்கவில்லை.

மூன்று நாள் பேசினோம். சனிக்கிழமைக்குள் அவரவர் செருகி வைத்ததை டைம் ஆபீசில் வைத்திருக்கும் தட்டில் போட்டுவிட வேண்டும், யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். அதன் பிறகு யாராவது பட்டனை அடைத்தால் சங்கம் அவருக்காக வாதாட வராது. கண்டும் காணாமல் விடும் சூப்பர்வைசருக்கும் மெமோ உண்டு. ஆள் கணக்கில் இருந்த இன்சென்டிவை லைன் கணக்குக்கு மாற்றுவது. நியூமேட்டிக் பிரஸ்களுக்கு லைட் கர்ட்டன் என்ற ஒளிக்கதிர்த் திரை வாங்குவது. கை குறுக்கே போனால் அடி பாதியிலேயே நின்றுவிடும். கீ கிளட்ச் மெஷின் ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, லைட் கர்ட்டன் அதற்குப் பயன்படாது. அதனால் கழற்ற முடியாத நிலையான தடுப்பும், தகடு எடுக்க இடுக்கியும். சனிக்கிழமை மாலை அந்தத் தட்டில் 19 துண்டுகள் கிடந்தன. சங்கம் தன் உறுப்பினரிடமே "இதைச் செய்யாதே" என்று சொன்னது அதுதான் முதல் முறை. அதைச் சொன்ன பிறகுதான், நாங்கள் சொல்வதையும் நிர்வாகம் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தது.

விலைபோய்விட்டான் என்ற பேச்சு எனக்கும் வந்தது. கழிவறைச் சுவரில் எழுதினார்கள். நிர்வாகத்தோடு பேசும் எந்தத் தலைவருக்கும் இது வரும். வராமல் தடுக்க வழியில்லை, உண்மையாகாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. நான் ஒருநாளும் மேனேஜர் அறைக்குத் தனியாகப் போனதில்லை, செயற்குழுவில் யாராவது ஒருவர் கூட வருவார். மைத்துனர் மகனுக்கு அப்ரென்டிஸ் இடம் தருகிறேன் என்று ஒரு ஹெச்.ஆர். அதிகாரி நல்ல மனசோடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன். வீட்டில் மூன்று மாதம் அதற்குப் பேச்சு வாங்கினேன். அதேபோல், அறைக்குள் பேசியதை அன்று மாலையே கேட்டில் சொல்லிவிடுவேன், கெட்ட செய்தியாக இருந்தாலும். நிர்வாகமும் தன் பக்கத்து மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. அறையில் மேனேஜர் விட்டுக்கொடுத்ததை "மண்டியிட வைத்தோம்" என்று மைக்கில் பேசினால், அடுத்த தடவை அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை விட்டுக்கொடுக்க விடமாட்டார்கள்.

2008 அக்டோபரில் லாரி விற்பனை படுத்தது. சென்னையைச் சுற்றி வாகனத் தொழிற்சாலைகளில் வேலையில்லா நாட்கள் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர், வதந்தி கிளம்புவதற்கு முன்பே எங்களைக் கூப்பிட்டார். வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஷெட்யூலை மேஜையில் விரித்தார். செப்டம்பரில் இருந்ததில் பாதிகூட டிசம்பருக்கு இல்லை. லே-ஆஃப் கொடுத்தால், அதாவது வேலை தராமல் தற்காலிகமாக நிறுத்திவைத்தால், சட்டப்படி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் பாதிதான் கிடைக்கும். கணக்கை அவர்கள் முதலில் காட்டியதால் நாங்களும் கத்தாமல் கணக்குப் போட்டோம். மாதத்துக்கு அதிகபட்சம் ஆறு வேலையில்லா நாள், அந்த நாட்களுக்கு 75% சம்பளம், அதிகாரிகளின் சம்பளத்திலும் வெட்டு, நிரந்தரத் தொழிலாளி ஒருவரைக்கூட வெளியேற்றுவதில்லை. ஏழு மாதம் அப்படி ஓட்டினோம்.

ஆனால் எங்களோடு 130 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களை முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஒத்துழைப்பு ஒத்துழைப்புன்னு பேசுனீங்களே அண்ணே, அதுல நாங்க எங்க இருந்தோம்?" என்னிடம் பதில் இல்லை. நிர்வாகத்தோடு நாங்கள் கட்டிய உறவின் விலையை அவர்கள் கொடுத்தார்கள். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

2010 ஒப்பந்தத்தில் அதைக் கொஞ்சம் சரிசெய்தோம். முன்பு வேலை பார்த்தவர்களைத்தான் முதலில் திரும்பக் கூப்பிட வேண்டும், கேன்டீனும் கம்பெனி பஸ்ஸும் அவர்களுக்கும் ஒன்றே. தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நீதிமன்றம் போகாமல் பேசியே அடுத்த சில வருஷங்களில் 38 பேரை நிரந்தரமாக்கினோம்.

அதே 2010இல் கம்ப்யூட்டர் மூலம் இயங்கும் புதிய சி.என்.சி. மெஷின்கள் வந்தன. ஷிஃப்டுக்கு 78 பீஸ் என்றது நிர்வாகம், 62 என்றோம் நாங்கள். 2003இல் எங்களைத் தெருவில் நிறுத்தியது இதே விவகாரம்தான். இந்தத் தடவை இரண்டு தரப்பும் சேர்ந்து அளப்பது என்று முடிவு செய்தோம். எங்கள் ஆட்கள் இருவருக்கு டைம் ஸ்டடி, அதாவது ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை அளக்கும் பயிற்சி கொடுத்து அவர்கள் கையிலும் ஸ்டாப்வாட்ச் தந்தார்கள். மே மாத வெயிலில், மூன்று ஷிஃப்டிலும், ஐந்து நாள். டூல் மாற்றுவது, மெஷினில் விழும் இரும்புச் சுருள் அள்ளுவது, தண்ணீர் குடிக்கப் போவது எல்லாம் சேர்த்து 71 வந்தது. நாங்கள் சொன்னதைவிட அதிகம் என்பதை ஒப்புக்கொண்டேன். எங்கள் ஆளே அளந்தது என்பதால் ஷாப்பில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனி எங்களைக் கைசன் வகுப்புக்கு அனுப்பியது; வேலையைச் சிறிது சிறிதாக மேம்படுத்திக்கொண்டே போகும் ஜப்பானிய முறை அது. ஜப்பானில் தொழிலாளிகள் தாங்களே யோசனை சொல்கிறார்கள் என்று பாடம் எடுத்தார்கள். டொயோட்டாவில் 1950இல் பெரிய தொழில் தகராறு நடந்ததையும், அதில் நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியை விட்டு விலகியதையும், 1962இல்தான் சங்கமும் நிர்வாகமும் கூட்டுப் பிரகடனம் செய்துகொண்டதையும் அந்த வகுப்பில் சொல்லவில்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கேயும் 12 வருஷம் ஆகியிருக்கிறது என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

ஒப்பந்தம் போடும் தம்பிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாங்கள் பழகிய 1947 சட்டத்தில், நேரடியாகப் பேசி 18(1) பிரிவின் கீழ் போடும் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் 12(3) பிரிவின் கீழ் போடும் ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளர்களையும், பின்னால் வேலைக்குச் சேர்பவர்களையும்கூடக் கட்டுப்படுத்தியது. உறவு நன்றாக இருக்கிறதே என்று சம்பள ஒப்பந்தத்தை நேரடியாகப் பேசியே முடித்துவிடாதீர்கள். மேனேஜர்கள் மாறுவார்கள். எங்களுக்கே நான்கு பேர் மாறினார்கள், மூன்றாமவர் நோட்டையே தொட மாட்டேன் என்றார். கையெழுத்தான 12(3) இருந்ததால்தான் அந்த இரண்டு வருஷத்தைத் தாக்குப்பிடித்தோம்.

இப்போது சட்டமே மாறிவிட்டது. தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், 51 சதவீதத் தொழிலாளர்களைக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் சங்கம். அப்படி யாரும் இல்லையென்றால் 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த கவுன்சில். எங்கள் தொழிற்சாலையில் இப்போது இரண்டு சங்கம். இன்றைய செயலாளர் போன மாதம் வீட்டுக்கு வந்து, பழைய நோட்டுகள் வேண்டும் என்றார். 11 நோட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து புரட்டினோம். 2016 ஜூன் பக்கத்தில் ஒரு வரி: ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதே வேலைக்கு அதே கூலி. "யார்" என்ற இடத்தில் ஹெச்.ஆர். என்று எழுதியிருக்கிறது. "எப்போது" என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. தேதி இல்லாமல் அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதை முதல் விஷயமாக வைக்கச் சொல்லி, பக்கத்தை மடித்துக் கொடுத்தனுப்பினேன்.